தண்ணீர்க் குடத்தில் கரைத்த மஞ்சள்

அடுத்த வாரம் என் மகன் படிக்கும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கொட்டு முழக்கிக்கொண்டு பண்டாரவளைக் கடைத்தெரு வழியாக அணிவகுத்துப் போகிறார்கள். கூடவே தண்ணீர்க் கூஜா தூக்கி நடக்கத் தாய்மார் சிலர் வேண்டும் என்றார் தலைமை உபாத்தியாயர். நான் யோசிக்காமல் சம்மதித்துவிட்டு, அன்றிலிருந்து யோசித்துக்கொண்டே இருக்கிறேன். பொருத்தமான உடையில் வரவேண்டும் என்று மட்டும் சொன்னார். எது பொருத்தம் என்று சொல்லவில்லை. நீலச் சேலையை எடுத்து வெளியே வைத்தேன். முகம் மங்கித் தெரியுமோ என்று திரும்ப உள்ளே வைத்தேன். பச்சையில் கரை அதிகம் மினுக்குகிறது. பிள்ளைகளை விட்டுவிட்டு என்னைப் பார்ப்பார்கள். என் கணவருக்குச் சிரிப்பு.

"தண்ணி தூக்கிட்டுப் போறவள யாரு பாக்கப் போறா? கொட்டத்தான் பாப்பாங்க."

அவர் கொழும்பில் வளர்ந்தவர். கூட நடப்பவர்களின் துணி, அடிக்கிற கொட்டின் பொருளையே மாற்றிவிடும் என்பதை நான் சிறுபிள்ளையாக இருந்தபோதே பார்த்திருக்கிறேன்.

அப்போது நாங்கள் பதுளைக்கு மேலே மலைச்சரிவிலிருந்த ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் இருந்தோம். எனக்கு ஏழு வயதிருக்கும், எட்டாகவும் இருக்கலாம். நான் நடக்கப் பழகுமுன்பே அப்பா காய்ச்சலில் இறந்துவிட்டார். அதிலிருந்து அம்மாவுக்கு வெள்ளைச் சேலைதான். அப்பாவின் அக்கா, என் அத்தை, அடுத்த காம்பராவில், சுவருக்கு அந்தப் பக்கம், இருந்தாள். அம்மா என்ன உடுத்துகிறாள், வளையல்காரன் வந்தால் வாசலுக்கு வருகிறாளா என்றெல்லாம் கவனிக்கிற வேலையை யாரும் கேட்காமலே எடுத்துக்கொண்டவள்.

அம்மாவின் தம்பி, என் மாமா, தோட்டத்தில் தப்பு என்ற பறையை அடிக்கும் தப்புக்காரர்களுக்குத் தலைவர். விடியலில் பேர்பதியும் பெரட்டுக்கு ஆள் கூட்ட அடிப்பதும் அவர்தான், மாரியம்மன் திருவிழாவுக்கு அடிப்பதும் அவர்தான், சாவு வீட்டில் அடிப்பதும் அவர்தான். பதுளைக் கடைக்காரர்களுக்கோ தப்பு என்றால் சாவு மட்டும்தான். அவர்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு நாதஸ்வரம் வரும். மாமாவுக்கு இது நெஞ்சில் முள். பட்டணத்துத் தெருவில் ஒரு தடவையாவது மங்கலமாக அடித்துக் காட்டாமல் கட்டையில் போகமாட்டேன் என்பார்.

அந்த வருஷம் வாய்ப்பு வந்தது. துரைமார் பதுளையில் குதிரைப் பந்தயம் நடத்தும் நாளில், தோட்டத்துக்கு ஒரு மேளக்கூட்டம் கடைத்தெரு வழியே அடித்துக்கொண்டு திடலுக்கு நடந்து வரவேண்டும் என்று ஏற்பாடு. எங்கள் துரைசாணி இதில் மிகுந்த அக்கறை காட்டினாள். அவள் ஊரில் வாத்தியக்காரர்களோடு தண்ணீரும் சாமானும் சுமந்து வருகிறவர்களுக்கும் தனி உடுப்பு உண்டாம். அவர்கள் கந்தலாக வந்தால் வாசிக்கிறவர்களுக்குத்தான் அவமானமாம். தப்புக்காரர்களுக்குச் சிவப்புத் தலைப்பாகை கொடுத்தாள். குடம் சுமக்கும் பெண்களுக்கும், நெருப்புச் சட்டி தூக்கும் என் சித்தப்பாவுக்கும் பளிச்சென்ற வெள்ளைத் துணி கொடுத்தாள். எங்கள் மலைப் பனியில் தப்பின் தோல் தொய்ந்துபோகும். அவ்வப்போது நெருப்பில் காட்டினால்தான் கணீரென்று பேசும். அதற்குத்தான் சட்டி.

பங்களாவில் தையல் மெஷின் ஓட்டியவள் அம்மா. எல்லா ரவிக்கைகளையும் அவளே தைத்தாள். உடுத்திப் பார்த்த அன்று அத்தை முகத்தைச் சுளித்தாள்.

"எல்லாருக்குமே வெள்ளையா? இழவுக்குப் போற மாதிரி இருக்கு."

"மெதுவா பேசுங்க மதினி. தொரசாணி ஆசையா குடுத்தது," என்றாள் அம்மா.

அம்மாவின் கண்ணுக்கு வெள்ளை பழகிப்போயிருந்தது. மற்றவர்களுக்குத் துரைசாணியின் சொல்லை மறுக்கத் துணிவில்லை. துரைசாணி சொன்னதிலும் பிழை இருந்ததாக இப்போது எனக்குத் தோன்றவில்லை. அவள் ஊரில் வெள்ளை என்றால் கல்யாணப்பெண் உடுத்துவது என்று பின்னாளில் பள்ளிக்கூடத்தில்தான் படித்தேன்.

மலையிறங்கும்போது தூறல் பிடித்தது. சாயம் போய்விட்டால் துரைசாணிக்கு யார் பதில் சொல்வது என்று மாமா சிவப்புத் தலைப்பாகைகளைக் கழற்றி மூட்டையில் கட்டச் சொன்னார். திடல் வாசலில் கட்டிக்கொள்ளலாமாம். பாலத்தைத் தாண்டிக் கடைத்தெருவில் நுழைந்ததும் தப்புகளை நெருப்பில் காட்டி அடிக்கத் தொடங்கினார்கள். முன்னால் வெள்ளை வேட்டியும் நெருப்புச் சட்டியுமாகச் சித்தப்பா. அவர் அந்த வாரம்தான் கதிர்காமத்தில் நேர்த்திக்கடன் தீர்த்துவிட்டு மொட்டைத் தலையோடு திரும்பியிருந்தார். அவருக்குப் பின்னால் தப்பு. தப்புக்குப் பின்னால் வெள்ளைச் சேலையில் பெண்கள், தலை குனிந்து, குடம் தளும்பாமல். நான் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

எங்களுக்குக் கிடைத்த மரியாதை என்னைத் திகைக்கவைத்தது. மாட்டுவண்டிக்காரன் வண்டியை ஓரங்கட்டிக் கீழே இறங்கித் தலைத் துண்டை எடுத்தான். ஒரு வீட்டில் தாய் பிள்ளையை உள்ளே இழுத்துக்கொண்டாள். கடைக்காரர்கள் ஒருவர் பின் ஒருவராகக் கதவுப் பலகைகளை மாட்டிவிட்டு, கைகட்டி நின்றார்கள்.

"பாத்தீங்களாடா, எப்படி வழி விடுறாங்கன்னு," என்றார் மாமா, இன்னும் ஓங்கி அடித்தபடி.

மளிகைக்கடை வைத்திருந்த முஸ்லிம் பெரியவர், நானா என்போம், தொப்பியைச் சரிசெய்துகொண்டு தெருவில் இறங்கி மாமாவின் அருகே வந்தார். குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"யாரு தம்பி மவுத்து? மையத்து பின்னால வருதா?"

தப்பு நின்றது.

"யாரும் சாகலங்க நானா. பந்தயத்துக்குப் போறோம்."

நானா சித்தப்பாவின் மொட்டையைப் பார்த்தார், சட்டியைப் பார்த்தார், பெண்களைப் பார்த்தார். "பந்தயத்துக்கா," என்றார், மிகவும் மரியாதையாக.

எதிர்க்கடைத் துணிவியாபாரிக்கு அந்த மரியாதை இல்லை. "எல்லாம் சரியா கொண்டாந்தீங்க. பாடைய மட்டும் எங்கய்யா மறந்து வச்சிட்டு வந்தீங்க?" என்று கேட்டார். பலகைகளுக்குப் பின்னாலிருந்தெல்லாம் சிரிப்புக் கிளம்பியது.

மாமாவின் முகம் அப்படிக் கறுத்து நான் பார்த்ததில்லை. இப்படியே திடலுக்குப் போனால் தோட்டத் துரைமார் அத்தனை பேர் முன்னாலும் சிரிப்பார்கள். திரும்பிப் போனால் துரை கேட்பார். எப்படிப் போனாலும் தப்பு என்றால் சாவுதான் என்று பதுளை இனி என்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கும். தலைப்பாகை மூட்டையை அவசரமாக அவிழ்த்தார்.

"ஒங்க தலையில செவப்பு வச்சா எங்க இடுப்புல இருக்கற வெள்ள போயிருமா?" என்றாள் அத்தை. பிறகு நானாவின் பக்கம் திரும்பினாள். "நானா, மஞ்சத்தூள் இருக்குங்களா?"

"எவ்வளவு வேணும் தங்கச்சி?"

"இருக்கறது எல்லாம்."

நானா வெள்ளைச் சேலைகளை ஒருமுறை பார்த்தார். பிறகு சிரித்துக்கொண்டே மாட்டிய பலகையை அவரே கழற்றி, எங்களைக் கொல்லைப்புறத்துக்கு அழைத்துப்போய், மஞ்சள் சாக்கையும் அங்கே இழுத்து வந்துவிட்டு முன்கடைக்குப் போய்விட்டார். அத்தை சுமந்து வந்த குடங்களிலேயே தூளைக் கொட்டிக் கலக்கினாள்.

"குடிக்கக் கொண்டாந்த தண்ணி மதினி," என்றார் மாமா.

"நாக்கு வறண்டா சாகமாட்டீங்க. அடிங்க."

ஒவ்வொருத்தியாக வந்து நின்றார்கள். அத்தை தோளிலிருந்து வழிய வழிய ஊற்றினாள். குளிரில் கூச்சல், சிரிப்பு, ஒருத்தி மேல் ஒருத்தி வாரி இறைப்பது. சித்தப்பாவின் மொட்டைக்கும் பூசினார்கள். "அடுப்புல போடப்போற கோழி மாதிரி இருக்கடா தம்பி," என்றாள் அத்தை. வேப்பிலை அங்கே எங்கே கிடைக்கும். கொல்லை மரத்து மாவிலையைப் பறித்துச் சட்டியின் கழுத்தைச் சுற்றிக் கட்டினார்கள். சற்று முன்வரை கொள்ளிச்சட்டியாக இருந்தது இப்போது அம்மனுக்கு எடுக்கிற தீச்சட்டியாகிவிட்டது. சட்டி அதேதான், நெருப்பும் அதேதான்.

அம்மா மட்டும் அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் ஒதுங்கி நின்றாள். ஒரு துளியும் தெறித்துவிடக் கூடாது என்று சேலையைச் சுருட்டிப் பிடித்திருந்தாள்.

"நா இங்கயே இருக்கேன் மதினி. புள்ளையக் கூட்டிட்டுப் போங்க."

சிரிப்பெல்லாம் அடங்கிவிட்டது. நெருப்பில் தப்பைக் காட்டிக்கொண்டிருந்த மாமா தலையைத் தூக்கவில்லை. பிறகு துவைக்க வேண்டுமே என்று அம்மா சோம்பல்படுகிறாள் என்றுதான் நான் நினைத்தேன். அல்லது மஞ்சள் தண்ணீர் தீர்ந்துவிட்டதோ.

"தீந்து போச்சா அத்தை?" என்று கேட்டேன்.

அத்தை குடத்துக்குள் எட்டிப் பார்த்தாள். தண்ணீர் இருப்பது தெரிய எட்டிப் பார்க்கத் தேவையில்லை. குடம் அவள் இடுப்பில் கனத்துக்கொண்டுதான் இருந்தது. ஆனாலும் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இருக்கு," என்றாள். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி, "ஒரே ஒரு வெள்ள இருந்தாலும் ஊரு அதத்தான் பாக்கும். இப்படி வா," என்று அம்மாவின் கையைப் பிடித்து முற்றத்துக்கு இழுத்தாள். மற்றவர்கள் மேல் வாரி இறைத்தவள், அம்மாவின் மேல் மட்டும் மெல்ல மெல்ல ஊற்றினாள், காய்ச்சல்காரப் பிள்ளையைக் குளிப்பாட்டுகிற மாதிரி. அம்மா நடுங்கினாள். பதுளைக் கிணற்றைவிட எங்கள் தோட்டத்து மலையூற்றுப் பீலித் தண்ணீருக்குக் குளிர் அதிகம், அதைத்தானே சுமந்து வந்தோம் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுபடி தெருவில் இறங்கியபோது மாமா திருவிழா அடியை எடுத்தார். சிவப்புத் தலைப்பாகைகள், அவற்றுக்குப் பின்னால் ஈரம் சொட்டும் மஞ்சள் சேலைகள். அந்த அடி ஒவ்வொரு பலகையாகத் தட்டிக் கழற்றியது என்றுதான் சொல்லவேண்டும். மூடிய கடைகள் திறந்தன. உள்ளே இழுக்கப்பட்ட பிள்ளைகள் வெளியே ஓடிவந்தார்கள். ஒரு வீட்டுப் பெண் செம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்து, தீச்சட்டி எடுத்த சித்தப்பாவின் காலில் ஊற்றிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு அடுத்த வீட்டுப் பெண், அதற்கடுத்த வீடு. பெரட்டில் கங்காணியிடம் தினமும் ஏச்சு வாங்குகிற சித்தப்பா, யாரைப் பார்ப்பது என்று தெரியாமல் வானத்தைப் பார்த்துக்கொண்டு நடந்தார். துணிவியாபாரியின் மனைவியும் செம்போடு வந்து நின்றாள். மாமா அவள் வாசலில் வேண்டுமென்றே நின்று, கை ஓயும்வரை அடித்தார். வியாபாரி பொறுத்துப் பார்த்துவிட்டு, கடைசியில் தானும் கைகூப்பினார். நானா குடிக்க நன்னாரித் தண்ணீர் கொடுத்தனுப்பினார்.

திடலில் துரைசாணி எங்களைக் கண்டதும் எழுந்துவிட்டாள். தான் கொடுத்த வெள்ளை எங்கே என்று கணக்கப்பிள்ளையை விட்டுக் கேட்டாள்.

"பதுளைத் தண்ணி அப்படிங்க. பட்டா மஞ்சளாயிரும்," என்றாள் அத்தை.

கணக்கப்பிள்ளை அதை எப்படி இங்கிலீஷில் சொன்னாரோ தெரியாது. துரைசாணி எங்கள் பெண்களை ஒருத்தி விடாமல் பார்த்தாள்; பிறகு கையுறைகளைக் கழற்றிவிட்டுக் கை தட்டினாள். திடலை எல்லாக் கூட்டமும் ஒருமுறை சுற்றியது. எங்களை மறுபடி சுற்றச் சொன்னார்கள். அம்மா குடத்தோடு நிமிர்ந்து நடந்தாள். முந்தானையைப் பிடித்திருந்த என் உள்ளங்கையும் மஞ்சளாகிவிட்டிருந்தது. அடுத்த தை மாதம் பதுளையில் ஒரு கல்யாண ஊர்வலத்துக்கு மாமாவைத் தப்போடு வரச்சொல்லி ஆள் வந்தது. அழைத்தது யார் வீடு என்று நான் சொல்லவேண்டியதில்லை.

லயத்துக்குத் திரும்பிய மறுநாள், அத்தை அம்மாவின் மஞ்சள் சேலையை அலசி, காம்பராவுக்கு வெளியே கொடியில் நீள விரித்துப் போட்டாள். பெரட்டுக்குப் போகிறவர்கள் எல்லோரும் அந்த வழியாகத்தான் போகவேண்டும். போனவர்கள் சேலையைப் பார்த்தார்கள். வாசலில் உட்கார்ந்திருந்த அத்தை அவர்களைப் பார்த்தாள். யாரும் எதுவும் கேட்கவில்லை.

சேலை காய்ந்தும் இரண்டு நாளாக அத்தை அதை எடுக்கவில்லை. மறந்துவிட்டாள் என்று நினைத்தேன். மழை வந்தால் நனையுமே என்று நானே உருவி, மடித்து, உள்ளே கொண்டுபோய்ப் பெட்டிமேல் வைத்தேன். சமர்த்து என்று சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். அத்தை சேலையை எடுத்துவந்து, உதறி, மறுபடியும் அதே கொடியில் விரித்துப் போட்டாள்.

"காயட்டும்," என்றாள்.

அது முந்தாநாளே காய்ந்துவிட்டது. தொட்டுப் பார்த்தும் அத்தைக்கு அது எப்படித் தெரியாமல் போயிற்று என்று எனக்கு அன்று விளங்கவேயில்லை.