அம்மா பந்தைப் பார்த்ததில்லை

போன ஞாயிற்றுக்கிழமை எல்லிங்ஸ்ருட்டிலிருந்து ஒஸ்லோ நகருக்குள் போகும் சுரங்க ரயிலில் ஒரு பெண் வந்து எனக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தார். இதையெல்லாம் ஒரு செய்தியென்று சொல்ல வந்துவிட்டானே என்று நீங்கள் நினைக்கலாம். நெடுங்காலமாக அந்த இருக்கை காலியாகவே வந்துகொண்டிருந்தது என்பதுதான் விஷயம். அப்போது எனக்கு நூற்று முப்பத்தைந்து கிலோ உடம்பு. என் தோள் பக்கத்து இருக்கையில் பாதியைப் பிடித்துக்கொள்ளும். ரயில் நிறைந்து வழிந்தாலும் ஆட்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்களே தவிர, மிச்சப் பாதியில் உட்கார மாட்டார்கள். கறுப்பன் என்பதாலா, கனத்தவன் என்பதாலா என்று பள்ளிக்கூட வயதில் ஆராய்ந்திருக்கிறேன். இரண்டு பக்கமும் சாட்சி பலமாகத்தான் இருந்தது.

இப்போது நான் அரைவாசி ஆள். அந்தப் பெண் பையைத் திறந்து ஏதோ களிம்பை எடுத்து மணிக்கட்டில் தடவினார். மென்தால் மணம் குப்பென்று வந்தது. எங்கள் உடைமாற்றும் அறையின் மணம் அது. எனக்கு இறங்க வேண்டிய இடம் தாண்டிப் போய்விட்டது.

நான் அமெரிக்கன் ஃபுட்போல் விளையாடியவன். முதலில் ஒஸ்லோவில், பிறகு சம்பளம் தந்து கூப்பிட்ட ஒரு ஜெர்மன் நகரத்தில். அதைச் சொன்னால் தமிழ் ஆட்கள் உடனே "எத்தனை கோல் அடிச்சனீர்?" என்பார்கள். கோலும் இல்லை, ஒன்றும் இல்லை. பந்தை எறிகிறவன் ஒருவன் பின்னால் நிற்பான். அவனுக்கு முன்னால் ஐந்து தடியர்கள் வரிசையாகக் குனிந்து நிற்போம். அவனை விழுத்தப் பாய்ந்து வருகிறவர்களை மறிப்பதுதான் எங்கள் வேலை, முழு வேலையும் அதுதான். எறிகிறவனுக்குப் புள்ளிக்கணக்கு உண்டு, பிடிக்கிறவனுக்கு உண்டு, ஓடுகிறவனுக்கு உண்டு. மறிக்கிறவனுக்கு எழுதிவைக்க ஒன்றும் இல்லை. நாங்கள் பிழைவிட்டால் மட்டும் ஒலிபெருக்கியில் எங்கள் சட்டை இலக்கத்தைச் சொல்லுவார்கள்.

அம்மா முதன்முதல் என் ஆட்டம் பார்க்க வந்த நாளை நினைத்தால் இன்றும் எனக்குக் கூச்சம்தான். ஆட்டம் முடிகிறவரை குளிரில் இருந்து பார்த்தா. முடிந்ததும் ஒரு பெட்டி நிறைய மீன் ரோல்ஸோடு நேரே பயிற்சியாளரிடம் போனா. அம்மா பேசியது வடக்கத்து நொர்வீஜியம், பாட்ஸ்பியோர்ட் மீன் தொழிற்சாலையில், பக்கத்தில் நின்று கொட் மீன் வெட்டிய பெண்களிடம் பழகியது. அந்தப் பேச்சு தமிழ் அம்மாவின் வாயிலிருந்து வருவதைக் கேட்டு ஒஸ்லோக்காரர் அசந்துபோவார்கள். ரோல்ஸை நீட்டிக்கொண்டே அம்மா கேட்டது இதுதான்: ஏன் என் மகனுக்கு ஒருதரமாவது பந்தைக் கொடுக்கிறீர்கள் இல்லை? அவன் நிறத்தாலா?

எனக்கு அங்கேயே புல்லுக்குள் புதைந்துவிடலாம் போலிருந்தது. பயிற்சியாளர் நல்ல மனுஷன், சிரிக்கவில்லை. ரோல்ஸை வாயில் வைத்துக்கொண்டே எறிகிற பையனைச் சுட்டிக் காட்டினார். உங்கள் மகனுக்குப் பந்து இல்லை, அந்தப் பையனைத்தான் கொடுத்திருக்கிறேன் என்றார்.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அம்மா யோசித்துக்கொண்டே வந்தா.

"அப்ப அந்தப் பெடியன்ர பொறுப்பு உன்னட்டையோ?"

"ஓம் அம்மா."

"அவனுக்கு ஏதும் நடந்தா?"

"என்ர பிழைதான்."

"அவன்ர தாய்க்கு இது தெரியுமே?"

அந்த வெள்ளிக்கிழமையே கோயிலில் என் பேருக்கும் அவன் பேருக்கும் சேர்த்து அர்ச்சனை நடந்தது. நட்சத்திரம் தெரியாததால் ஐயர் பொதுவாகச் சொல்லிச் சமாளித்துவிட்டார். அம்மாவுக்கு அது திருப்தியில்லை. ஆகவே நான் ஜெர்மனிக்குப் போனபோது எனக்கிருந்த முதல் வேலை, டெக்ஸசிலிருந்து வந்த டிராவிஸ் என்ற எறிகாரனிடம், நீ எத்தனை மணிக்குப் பிறந்தாய் என்று கேட்பது. பைத்தியக்காரனைப் பார்ப்பதுபோல் பார்த்தான். காரணத்தைச் சொன்னதும் ஃபோனை எடுத்துத் தன் தாயிடம் கேட்டான். கணக்குப் பார்த்ததில் ரோகிணி. அதன் பிறகு வெள்ளி தவறாமல் ஒஸ்லோக் கோயிலில் ஐயர் "டிராவிஸ் நாமதேயஸ்ய" என்று ராகத்தோடு சொல்லிக்கொண்டிருந்தார். டிராவிஸ் என் மூலம் அம்மாவைக்கொண்டு அதைப் பதிவுசெய்து வாங்கி, ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் காதில் போட்டுக்கொள்வான்.

சாப்பாட்டையும் சொல்ல வேண்டும். அந்த எடையை வைத்திருக்க நாள் முழுக்கத் தின்ன வேண்டும், பசிக்காகவல்ல, வேலைக்காக. நான் ஒஸ்லோவில் இருந்தவரை அம்மா விடிய எழும்பிக் குழல் குழலாகப் புட்டு அவித்துத் தருவா. வெள்ளிக்கிழமை மீன், இறைச்சி என்று மச்சம் எதுவும் இல்லை என்பதால் பருப்பில் என்னை முக்கி எடுப்பா. ஐப்பசியில் எனக்காகக் கந்தசஷ்டி பிடிப்பா. எங்கள் ஆட்டங்கள் அதற்கு முன்னமே முடிந்துவிடும். முடிந்த ஆட்டத்துக்கு என்ன விரதம் என்று கேட்டால், "வாற வருஷத்துக்கு" என்பா.

ஜெர்மனியில் நடந்த ஆட்டங்களை அம்மா எல்லிங்ஸ்ருட் வீட்டில் மடிக்கணினியில் பார்ப்பா. பந்தைப் பார்க்கமாட்டா. இவ்வளவு வருடத்தில் பந்து எங்கே போனது, யார் வென்றது என்று அம்மாவுக்கு ஒருநாளும் தெரிந்ததில்லை. ஒவ்வொரு முறையும் இரண்டு பக்கமும் மோதி ஒரு மனிதக் குவியல் விழும். அதற்குள்ளிருந்து என் இலக்கம் எழும்புகிறதா என்பதுதான் அம்மாவின் ஆட்டம். கமரா பந்தோடு ஓடிவிடும் என்பது அம்மாவின் தீராத மனக்குறை. "கமரா பிடிக்கிறவனிட்டைச் சொல்லடா, கொஞ்சம் பின்னாலையும் காட்டச் சொல்லி" என்பா. அடுத்த தரம் வரிசை கட்டும்போது என்னைக் கண்டால்தான் மூச்சு வரும்.

ஏன் இப்படி என்று ஒருமுறை கேட்டேன். அம்மா வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தா. ஊரில் ஷெல் விழத் தொடங்கினால் எல்லாரும் நிலத்தில் குப்புறப் படுப்பார்களாம். சத்தம் நின்றதும் ஒவ்வொருவராக எழும்புவார்களாம்.

"ஒருநாள் எல்லாரும் எழும்பினனாங்கள். தம்பி மட்டும் எழும்பேல்லை."

அவ்வளவுதான் சொன்னா. அதற்கு முன்னும் பின்னும் அந்த மாமாவைப் பற்றி அம்மா வாயால் நான் கேட்டதில்லை. அன்றைக்கே விளையாட்டை விட்டிருக்கலாம். விடவில்லை. எனக்கு அது அவ்வளவு பிடித்திருந்தது.

என் கடைசி ஆட்டம் அதுதான் கடைசி என்று தெரியாமலே நடந்தது. டிராவிஸ் எறிந்த பந்து நீளமாகப் போனது, மைதானத்தின் அந்தத் தொங்கலில் ஒருவன் பிடித்துக்கொண்டு ஓடினான், அரங்கமே எழுந்து கத்தியது. இந்தத் தொங்கலில் என் முழங்காலில் இரண்டு பேர் பக்கவாட்டாக விழுந்து கிடந்தார்கள். உள்ளே ஏதோ அறுந்ததை நான் காதாலேயே கேட்டேன். கமரா வழக்கம்போல் பந்தோடு போய்விட்டது. கொண்டாட்டத்தைக் காட்டினார்கள், பிறகு விளம்பரம் போட்டார்கள். மறுபடி வரிசை கட்டியபோது என் இடத்தில் வேறொரு இலக்கம் நின்றது.

அம்மா ஆட்டம் முடியும்வரை என் ஃபோனுக்கு அடித்துக்கொண்டே இருந்திருக்கிறா. நான் ஆஸ்பத்திரியில், ஃபோன் உடைமாற்றும் அறையில். ஆட்டம் முடிந்து உள்ளே வந்த டிராவிஸ் அதை எடுத்திருக்கிறான். அம்மாவிடம் இருந்த ஆங்கிலம் கொஞ்சம்தான்.

"மை சன் ஸ்டாண்ட்?"

"யெஸ், மேம். ஹீ இஸ் ஸ்டாண்டிங்."

அந்த நேரம் நான் வலி ஊசி போட்டுக்கொண்டு மல்லாந்து கிடந்தேன். என் முழுத் தொழிலும் அவனுக்கு முன்னால் நின்று மறிப்பதாக இருந்தது. அன்றைக்கு அம்மாவுக்கு முன்னால் அவன் நின்றான். அவன் அதை எனக்குச் சொன்னபோது நான் அழுதேன்.

ஊன்றுகோலோடு ஒஸ்லோ விமான நிலையத்தில் வந்திறங்கினேன். அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை, காலைத்தான் பார்த்தா.

"டிராவிஸ் பொய் சொன்னவன்" என்றா.

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"அப்பவே தெரியும். நீ நிண்டிருந்தா நீயெல்லோ ஃபோன் எடுத்திருப்பாய்." என் தோளிலிருந்த பையை வாங்கிக்கொண்டு, "நல்ல பெடியன்" என்றா.

கால் தேறியது, தொழில் தேறவில்லை. எடை இறங்கியது. அம்மாவுக்கு இனி நிம்மதி என்று நினைத்தேன். ஒரு நாள் வேலையால் வீட்டுக்கு வந்து பார்த்தால், மடிக்கணினியில் அதே ஜெர்மன் அணியின் ஆட்டம் போய்க்கொண்டிருக்கிறது. அம்மா திரைக்குக் கிட்டக் குனிந்திருக்கிறா. என் இடத்தில் விளையாடுகிற, பெயரும் தெரியாத பையனைத் தேடிக்கொண்டிருக்கிறா.

"இனி ஏன் அம்மா?"

"அவனுக்கும் தாய் இருப்பா தானே. அவ பாக்கிறாவோ என்னவோ."

போன வருடம் குளிர்காலத்தில் அம்மா போய்விட்டா. நோய் பெரிதாக இழுக்கவில்லை. என் தொழிலுக்குச் சாட்சி என்று ஒருவர் இருந்தார் என்றால் அது அம்மாதான். பயிற்சியாளர்கள்கூடப் பாதி நேரம் பந்தைத்தான் பார்ப்பார்கள்.

போன ஞாயிறு ரயிலில் அந்தப் பெண் இறங்கிப் போனபின், எதிர் ரயில் பிடித்து வீட்டுக்கு வந்தேன். ஜெர்மனியில் ஆட்டம் நடக்கும் நேரம். மடிக்கணினியைத் திறந்து அம்மா இருந்த பக்கமாக உட்கார்ந்தேன். என் இடத்தில் இப்போது இன்னொரு புதுப் பையன், கழுத்து இன்னும் தடிக்கவில்லை. இவனை மட்டும்தான் பார்ப்பது என்று நினைத்துக்கொண்டேன். குனிந்தான், மோதினான், அவன்மேல் ஆட்கள் விழுந்தார்கள். அதற்குள் பந்து உயரக் கிளம்பியது, அழகான எறி, ஒருவன் பாய்ந்து பிடித்தான், நான் கதிரையை விட்டு எழுந்தே விட்டேன்.

அந்தப் பையன் எழும்பினானா என்று நான் பார்க்கவில்லை.