மோர்க்காரம்மாவும் கார்போகரிசித் தைலமும்

செல்லூரில் முகப்பூச்சு செய்யும் சிறு பட்டறை ஒன்றில் நான் வேலை பார்த்தபோது, பரவையிலிருந்து ஒரு மோர்க்காரம்மா தினமும் வருவார். நெட்டையான உருவம், கன்னமெல்லாம் அம்மைத் தழும்பு. யாருக்கு ஊற்றுவதானாலும், முதலில் உள்ளங்கையில் கொஞ்சம் விட்டுத் தானே குடித்துப் பார்ப்பார்.

தழும்பைப் போக்கும் என்று நம்பி, கார்போகரிசி என்ற மூலிகை விதையிலிருந்து நான் ஒரு தைலம் இறக்கியிருந்தேன். பூச்சில் கலக்குமுன் யார் தோலிலாவது தடவிப் பார்க்கச் சொன்னார் முதலாளி. என் தோலில் தடவ எனக்குப் பயம். அந்த அம்மாவிடம் நீட்டினேன்.

"நீங்க போட்டுப் பாத்தீகளாண்ணே?"

"பாத்தேன்" என்றேன்.

"அப்பக் குடுங்க. எம் புருசன் ஆளு அடையாளந் தெரியாமத் தேடட்டும்" என்று சிரித்தபடி கன்னங்களில் தடவிக்கொண்டு, மோர்ப்பானையோடு வெயிலில் இறங்கினார்.

வெயில் பட்டால் அந்தத் தைலம் தோலைச் சுட்டுவிடும் என்று எனக்குத் தெரியாது. மூன்றாம் நாள் வந்தார். கன்னம் இரண்டும் கொப்புளம் வெடித்துக் கறுத்திருந்தன. திட்டப்போகிறார் என்று தலைகுனிந்து நின்றேன்.

"எனக்குத்தான் சேரல போல. ஒங்களுக்கு ஒண்ணும் ஆகலையேண்ணே?"

"இல்லம்மா" என்றேன். போட்டுப் பார்க்கவேயில்லை என்று சொல்ல அப்போதும் வாய் வரவில்லை. என்னை நம்பித்தான் அப்படிக் கேட்டாரா என்பது இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.