இரண்டு மணல் மூட்டை

சலாஹுதீனின் பிக்கப் வண்டியில், பின் அச்சுக்கு நேர் மேலே, எப்போதும் இரண்டு மணல் மூட்டை கிடக்கும். பின்பக்கத்து ஷாக் அப்சார்பர் இரண்டும் கம்பெனியிலிருந்து வந்தவை. எண்ணெய் கசிந்து, செத்துப்போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது. நெல் ஏற்றினால் வண்டி அடங்கிப் போகும். காலியாகப் போனால் பள்ளத்துக்குப் பள்ளம் துள்ளும். அதற்குப் பூதலூர்ப் பக்கத்து வண்டிக்காரர்கள் கண்டுபிடித்த கைவைத்தியம்தான் மணல். அடங்காத மாட்டின் கழுத்தில் கட்டை கட்டித் தொங்கவிடுகிற மாதிரி.

மெக்கானிக் ஜாஹித் இரண்டு முறை மாற்றச் சொல்லிப் பார்த்தான். சவூதியில் பதினோரு வருஷம் தண்ணீர் லாரி ஓட்டியவனிடம் யார் சொல்லி எடுபடும்?

"ஸ்டியரிங் என் கையில இருக்கு. ஷாக் அப்சர் கையிலயா இருக்கு? சம்பா முடியட்டும், பாத்துக்கலாம்" என்று சலாஹுதீன் சிரித்துவிட்டுப் போனான்.

புரட்டாசியில் நடவு மும்முரம். பெண்களை ஊர் ஊராக ஏற்றிக்கொண்டு போய் வயலில் இறக்குவது அவன் வேலை. அன்று காலை பத்துப் பேர் வர வேண்டிய இடத்தில் பதினாலு பேர் நின்றார்கள். இடம் போதவில்லை. மூட்டைகளை அவனே தூக்கி ரோட்டோரப் புளியமரத்தடியில் போட்டான். இத்தனை ஆள் கனம் இருக்கும்போது மணல் எதற்கு என்பது அவன் கணக்கு. கணக்கு சரிதான், ஆட்கள் இறங்காத வரைக்கும்.

முதல் வயலில் பதிமூன்று பேர் இறங்கிவிட்டார்கள். நாற்றுப் பறிக்க அடுத்த வயலுக்குப் போக வேண்டிய அம்சம் என்பவள் மட்டும் பின்னால் இருந்தாள். ஐம்பது வயது, வாயில் எந்நேரமும் வெற்றிலை. முன் சீட் காலியாகத்தான் இருந்தது. முன்னால் வந்து உட்காருங்கள் என்று சொல்ல அவனுக்குத் தோன்றவில்லை, அவளும் கேட்கவில்லை. நடவாட்கள் என்றால் பின்னால்தான் என்பது பழக்கம்.

வாய்க்கால் பாலம் கண்ணுக்குத் தெரிந்தபோது மூட்டைகளின் ஞாபகம் வந்தது. வந்தும் வேகத்தைக் குறைக்கவில்லை. இன்னொரு ஊரில் இன்னொரு கூட்டம் காத்திருந்தது. பாலத்து மேட்டில் பின்பக்கம் எகிறி இறங்கியது. கண்ணாடியில் பார்த்தான். பின்னால் யாரும் இல்லை.

வண்டியிலிருந்து எப்படி விழுந்தாள் என்று ஆஸ்பத்திரியில் கேட்டார்கள். "கம்பியப் புடிக்காம கைய விட்டுட்டாங்க" என்று சொன்னான். எழுதி நீட்டிய தாளில் கையெழுத்தும் போட்டான். வெற்றிலை மடிக்கக் கையை விட்டிருப்பாள் என்று ஊரும் ஒத்துக்கொண்டது. அம்சத்துக்கு விழுந்தது எதுவும் நினைவில்லை. ஊர் சொன்னதை அவளும் நம்பினாள். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி திரும்பவில்லை, இனி திரும்பாது என்றும் சொல்லிவிட்டார்கள்.

புளியமரத்தைத் தாண்டும்போதெல்லாம் அந்த இரண்டு மூட்டையும் அங்கேயே கிடந்தன. சலாஹுதீன் அந்தப் பக்கம் பார்ப்பதை விட்டான். மூன்றாவது வாரம், அவளை வீட்டுக்குக் கூட்டிப்போகச் சொல்லிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டதும் வண்டியை ஜாஹித்திடம் விட்டான்.

கழற்றிய பழசு ஒன்றை ஜாஹித் தரையில் நிறுத்திக் கையால் அமுக்கினான். அமுங்கியது அமுங்கியபடியே நின்றது.

"உள்ள ஒண்ணுமே இல்லண்ணே" என்றான். அதற்கு மேல் அவன் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை என்று சலாஹுதீனுக்கு இருந்தது.

புதுசு மாட்டிய வண்டியில் மெத்தை விரித்து அம்சத்தைப் படுக்க வைத்தார்கள். மகள் பிரகதீஸ்வரி தலைமாட்டில் உட்கார்ந்தாள். ஊருக்கு வேறு வழி கிடையாது, அந்தப் பாலம்தான். மேட்டில் ஏறி இறங்கியபோது பின்பக்கம் ஒரு முறை அழுந்தி அப்படியே நிதானித்தது. சலாஹுதீன் வண்டியை ஓரங்கட்டி, இறங்கிப் பின்னால் வந்தான்.

"எங்கயாச்சும் வலிக்குதாக்கா?"

"இல்ல பாய். பாலம் தாண்டியாச்சா? தெரியவே இல்லையே" என்றாள் அம்சம். "வண்டி நல்லாத்தான் போவுது. நாந்தான் பாழாப்போன வெத்தலைக்காக கைய விட்டுருக்கேன்."

ஆமாம் என்று சொல்லக்கூட வேண்டாம். பேசாமல் ஏறி ஓட்டினால் போதும், ஆயுசுக்கும் தப்பித்துக்கொள்ளலாம். ஒரு நிமிஷம் அதைத்தான் நினைத்தான்.

"இல்லக்கா. இந்த ஷாக் அப்சர் நேத்து மாட்டுனது. அன்னைக்கு இருந்தது செத்துப்போனது. எனக்குத் தெரியும். துள்ளாம இருக்கப் போட்டிருந்த மூட்டையையும் நான்தான் எறக்கிப் போட்டேன். உங்க கை மேல தப்பு இல்ல."

"அப்ப எங்கம்மா கைய விட்டாங்கன்னு ஏன் பாய் கையெழுத்துப் போட்டீங்க?" என்று கேட்டாள் பிரகதீஸ்வரி.

சலாஹுதீன் வண்டியின் பின்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

அம்சம் தன் வலது கையை முகத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தாள்.

"மூணு வாரமா இந்தக் கையத்தான் திட்டிக்கிட்டுக் கெடந்தேன் பாய்" என்றாள்.