பம்புக்கு ஒரு நாள் லீவு

போன வாரம் ஆயுதபூஜை. உங்கள் வண்டிக்கும் சந்தனம், குங்குமம் வைத்திருப்பீர்கள். திருவொற்றியூரில் சுற்றுச்சூழல் பொறியாளராக நான் வேலை பார்க்கும் தொழிற்சாலையிலும் வைத்தார்கள் — கிரேனுக்கு, லேத்துக்கு, எடைமேடைக்கு... எங்கள் பம்புக்கும்.

வளாகத்தில் எப்போதோ ஒரு டீசல் தொட்டி ஓட்டையாகிவிட்டது. கசிந்த டீசல் மண்ணுக்கடியில் இறங்கி, நிலத்தடி நீரின்மேல் மிதந்தபடி மதில் பக்கமாக நகர்கிறது. மதிலுக்கு அப்பால் லட்சுமி அக்கா வீட்டுக் கிணறு. அங்கே போகவிடாமல் டீசலை இழுத்து வெளியே எடுப்பதுதான் எங்கள் பம்பின் வேலை. இரவு பகலாக ஓட வேண்டும். ‘நிறுத்தாதீர்’ என்று போர்டே மாட்டியிருக்கிறேன்.

பூஜையன்று காலையில் போனால் பம்பு நிற்கிறது. கழுத்தில் மாலை. போர்டுக்கும் ஒரு பொட்டு!

“யார் நிறுத்தினது?”

“நான்தான் மேடம்,” என்றார் ஃபோர்மேன் டில்லி அண்ணன். “வருசம் பூரா ஓடிகினு கீது. ஒரு நாள் ரெஸ்ட் வாணாவா? நேத்து சாயங்காலமே பூஜை போட்டாச்சி. இனிமே நாளிக்கு நல்ல நேரத்துலதான் தொடணும். நடுவுல ஆன் பண்ணி எவன் கையாவது மாட்டிக்கினா?”

இயந்திரத்தோடு வாழ்கிறவரின் பயம் அது. சிரிக்க முடியுமா?

பொறுமையாக அடுக்கினேன். ஒன்று, கிரேனை நிறுத்தினால் சரக்கு அங்கேயே நிற்கும். இரண்டு, லேத்தை நிறுத்தினால் இரும்பு அப்படியே இருக்கும். மூன்று, பம்பை நிறுத்தினால்... டீசல் நிற்காது.

அவர் அசையவில்லை.

அப்போது லட்சுமி அக்கா பூஜைப் பொரி வாங்க வந்தார்.

“இன்னா டில்லி, நேத்து சாயங்காலத்துலேர்ந்து பம்பு சத்தத்தையே காணோம்?”

“அதுக்கு லீவுக்கா.”

“டீசலாண்ட சொல்ட்டியா நைனா? அதுவும் லீவுதானா?”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. “அந்தத் தண்ணிலதான் நாங்கோ குளிக்கிறோம்.”

 டில்லி அண்ணன் எல்லோரையும் தள்ளிப் போகச் சொன்னார். மாலையைக் கழற்றிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, “கோச்சிக்காதம்மா” என்று பம்பிடம் சொல்லிவிட்டு, தானே சுவிட்சைப் போட்டார்.

நாம் ஓட்டும் இயந்திரத்துக்கு விடுமுறை தரலாம். நாம் கசியவிட்டது விடுமுறை எடுப்பதில்லை.

கிணற்றுத் தண்ணீரைச் சோதனைக்கு அனுப்பினேன். முடிவு வரும்வரை இறைக்க வேண்டாம் என்றேன்.

“நாத்தம் கீத்தம் ஒண்ணும் வர்லியேம்மா... நல்லாதானே கீது?” என்றார் அக்கா. ஆனாலும் வாளியிலிருந்து கயிற்றை அவிழ்த்து, சுருட்டி, என் கையில் கொடுத்தார். “நீயே வச்சிக்கோ. நல்ல தண்ணின்னு தெரிஞ்சா எட்டாந்து குடு.”

கயிறு என் ஸ்கூட்டரில் இருக்கிறது. லேபிலிருந்து இன்னும் போன் வரவில்லை.