அப்பாவுக்கு வைத்த கசாயம்

கண்டி ஆஸ்பத்திரியில் டாக்டர் சிங்களத்தில்தான் பேசினார். அப்பாவின் நுரையீரலில் இருந்த கட்டி பரவிவிட்டது, இனி வலிக்கு மட்டும்தான் மருந்து, வீட்டுக்குக் கூட்டிப்போய்ப் பிடித்ததைச் சாப்பிடக் கொடுங்கள் என்றார். அப்பாவுக்கும் எனக்கும் புரிந்தது. தேயிலைக் கொழுந்து பறிக்கும் மலையும் தோட்டத்து லய வீடுமாகவே வாழ்ந்த அம்மாவுக்கு அவ்வளவு சிங்களம் தெரியாது. வீட்டுக்குப் போகலாம் என்பது மட்டும் விளங்கியது. சிரித்த முகத்தோடு அப்பாவின் சாரம், சட்டைகளை மடித்துப் பையில் வைத்தாள்.

ஹட்டனில் மஸ்கெலியா பஸ்ஸுக்கு நின்றபோது அம்மா பக்கத்துக் கடைக்குள் போய் மல்லி, மிளகு, சுக்கு, திப்பிலி, மரமஞ்சள் துண்டு என்று ஒரு பை நிறைய வாங்கிவந்தாள்.

"இங்கிலீஸ் மருந்து போதும். இனிமே நான் பாத்துக்கிறேன்" என்றாள்.

அப்பா என்னைப் பார்த்துக் கண்ணாலேயே சொல்ல வேண்டாம் என்றார். நான் அம்மாவின் கையிலிருந்து பையை வாங்கிக்கொண்டேன்.

அதன்பிறகு அம்மா வேலைக்குப் போகவில்லை. நானும் கொழும்புத் துணிக்கடைக்குத் திரும்பவில்லை. விடிந்ததும் அம்மா அடுப்பு மூட்டி, இடித்த சரக்கைச் சட்டியில் போட்டு, தண்ணீர் சுண்டும்வரை ஊதிக்கொண்டே இருப்பாள். மத்தியானத்துக்கு இஞ்சிச்சாறும் தேனும். சாயங்காலம் ஆடாதோடை இலை பறிக்க ஆற்றோரம் போய்விடுவாள். புகையில் அவள் கண்கள் எந்நேரமும் சிவந்தே இருந்தன. மரமஞ்சளின் கசப்பு, கிளாஸைக் கழுவும்போது என் விரலிலேயே ஒட்டும். அப்பா கசாயத்தை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "இன்னிக்கு நெஞ்சு லேசா இருக்கு புள்ள" என்பார். அம்மா அதை லயம் முழுக்கச் சொல்லிக்கொண்டு வருவாள்.

ஒருநாள் அவள் இலை பறிக்கப் போயிருந்தபோது கேட்டேன்.

"ஏம்ப்பா இந்தக் கசப்பக் குடிக்கிறீங்க? கொமட்டுதுல்ல?"

அப்பா மூச்சு வாங்கி வாங்கித்தான் பேசினார். "கொமட்டத்தான் செய்யுது பாப்பா. ஆனா அவ கைக்கு ஒரு வேல வேணும். சும்மா உக்காந்தா என் மொகத்தையே பாத்துக்கிட்டிருப்பா. அது தாங்காது. நீ ஒண்ணும் சொல்லிராத."

சில வாரங்களில் அவரால் விழுங்க முடியாமல் போனது. அம்மா கரண்டியால் சொட்டுச் சொட்டாக விட்டாள். பாதி கடைவாயில் வழிந்தது. அப்படியும் அவள் கையைத் தட்டாமல் வாயைத் திறந்தார். மழை கொட்டிய ஒரு காலையில் அம்மா அடுப்படியில் இருந்தாள், நான் அப்பாவின் கால்களைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். அவர் மூச்சு நின்றது. நான் கத்தினேன். அம்மா ஆவி பறக்கும் கிளாஸோடு ஓடிவந்தாள்.

காரியமெல்லாம் முடிந்து சொந்தக்காரர்கள் போனபின், அம்மா தன்னைத்தானே திட்ட ஆரம்பித்தாள்.

"திப்பிலி கூடப் போட்டிருக்கணும். நல்லாத்தானே வந்தாரு. நான்தான் பக்குவம் தெரியாம வச்சுக் கெடுத்துட்டேன்."

சோறு இறங்கவில்லை. இதையே சொல்லிச் சொல்லி நெஞ்சில் அடித்துக்கொண்டாள். பார்க்கச் சகிக்காமல், டாக்டர் சொன்னதையும் அப்பா சொன்னதையும் சொல்லிவிட்டேன். மனசு ஆறும் என்று நினைத்தேன்.

அம்மா நெஞ்சில் அடிப்பதை நிறுத்தினாள்.

"அவருக்குத் தெரியுமா?"

"தெரியும்மா."

"ஒனக்கும்?"

தலையை மட்டும் ஆட்டினேன்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா, அடுப்பையும் எலையையும் விட்டுட்டு அவரு பக்கத்துலயே உக்காந்திருப்பேனே" என்று வாய்விட்டு அழுதாள்.

அப்பா இறந்ததிலிருந்து அம்மா அப்படி அழுது நான் பார்த்ததில்லை.