குழாயைப் பூட்டியதை நான் பார்த்தேன்

நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தேன். மருமகள் கைப்பேசியைப் பார்த்தபடியே சொன்னாள்: "அத்த, கோத்தா திங்கியில பேப்பர்காரர் இரத்தினம்னு ஒருத்தர் தவறிட்டாராம். எஸ்டேட்டுக்கெல்லாம் வருவாராமே, உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது" என்றேன்.

மீனை ஆய்ந்து முடித்துக் கை கழுவக் குழாயைத் திறந்தேன். தண்ணீர் வந்தது. அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இரத்தினத்தைப் பற்றி நான் பொய் சொன்னது இது இரண்டாவது தடவை.

இதைப் படிப்பவர்களில் அவரை அறிந்தவர்களுக்கு அவருடைய பழைய மோட்டார் சைக்கிள் நினைவிருக்கும். தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. ஓய்வு நாளில் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பத்திரிகைக்குச் செய்தி தேடுவார். "கோலாலம்பூர்ல மழ பேஞ்சா மொத பக்கம். ஜொகூர்ல வீடே வெள்ளத்துல போனாலும் எட்டாம் பக்கம். அந்த எட்டாம் பக்கத்தையாவது நாம விடக் கூடாதுக்கா" என்பார். தேநீருக்கு நான்கு கரண்டி சீனி கேட்பார். எனக்கு எரிச்சலாக வரும்.

லாயாங் லாயாங் பக்கம் நாங்கள் வேலை செய்த தோட்டத்தை முதலாளிகள் விற்றபோது, மாற்று வீடு தரும்வரை எங்கள் வரிசை வீடுகளான லயத்தைவிட்டுப் போகமாட்டோம் என்று நின்றோம். ஒரு நாள் லயத்துக்குத் தண்ணீர் நின்றது. பைப் உடைந்துவிட்டது என்றது ஆபீஸ். உடையவில்லை. வேலைக்காட்டிலிருந்து திரும்பும்போது, ஆபீசில் கணக்கு எழுதும் கிராணி வால்வைத் திருகிப் பூட்டுப் போட்டதை நான் பார்த்தேன். அவன் போட்டிருந்த சட்டையின் நிறம்கூட எனக்கு இன்னும் மறக்கவில்லை. பச்சை.

இரத்தினம் நான் சொன்னதைப் பள்ளிக்கூட நோட்டில் எழுதினார். எழுதியதை லயத்து ஆட்கள் எல்லாரும் கேட்க உரக்கப் படித்துக் காட்டினார். படித்துக் காட்டாத எதையும் அவர் அனுப்பமாட்டார்.

"இது நீங்க சொன்னதுதானேக்கா? ஒரு வார்த்த கூடக்கொறைய இருந்தா இப்பவே திட்டிடுங்க."

"வெறும் கிராணின்னு போட்டா எப்பிடி? திருட்டுக் கிராணின்னு போடுங்க."

"அது செய்தி இல்லக்கா, உங்க ஆச."

லயமே சிரித்தது. நான் இரண்டாம் வகுப்புவரை படித்தவள். எழுத்துக் கூட்டி என் பெயரை அடியில் எழுதினேன்.

செய்தி வந்த மறுநாள் ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். மாற்று வீடு கிடைப்பவர்கள் லிஸ்ட்டில் என் பெயரை விரலால் தொட்டுக் காட்டினார்கள். பிறகு வேறொரு தாளை நீட்டினார்கள். 'நான் அப்படி எதுவும் சொல்லவில்லை, நிருபர் தாமாக எழுதிக்கொண்டார்' என்று இருந்தது. அதையும் படித்துத்தான் காட்டினார்கள். அதிலும் அதே பெயரை எழுதினேன்.

அன்று சாயங்காலமே விஷயம் தெரிந்து இரத்தினம் வந்தார். அந்த நோட்டு அவர் கையில் இருந்தது.

"மெரட்டினாங்களாக்கா?"

"போய்யா. என் பேரப் போடச் சொல்லி நானா கேட்டேன்?"

"வீடு குடுக்குறாங்களா?"

கேட்டுக்கொண்டே நோட்டைப் பைக்குள் வைத்தார். "பேப்பருக்கு நாளைக்கு வேற செய்தி கெடைக்கும். உங்களுக்கு வேற வீடு கெடைக்காது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பத்திரிகை மன்னிப்புக் கேட்டுப் போட்டது. எட்டாம் பக்கத்தில் அல்ல, மூன்றாம் பக்கத்தில், பெட்டி கட்டி. அந்தப் பத்திரிகையை அதன் பிறகு நான் வீட்டுக்குள் விட்டதில்லை. இரத்தினத்தின் நிருபர் அட்டையைப் பிடுங்கிக்கொண்டார்கள். லயத்து ஆட்களே, என்னோடு சேர்ந்து சிரித்த அதே ஆட்களே, அவரைப் பொய்யன் என்றார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. என் கையெழுத்து இருந்த நோட்டை அவர் நீட்டியிருந்தால் போதும், அவர் பெயர் தப்பியிருக்கும். அவர் நீட்டவே இல்லை. அதன் பிறகு செய்திகளைக் கையால் எழுதி, போட்டோஸ்டாட் எடுத்து, கோயில் சுவரிலும் சாப்பாட்டுக் கடையிலும் ஒட்ட ஆரம்பித்தார்.

இத்தனை வருடமும் அவர்மேல் கோபமாக இருந்தேன். அவர் நோட்டைக் காட்டியிருந்தால் ஒரு நாள் சண்டை போட்டு முடித்திருப்பேன். காட்டாத மனிதரை என்ன செய்வது? குளுவாங்கில் ஒரு கல்யாணத்தில் எதிரே வந்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டேன். "அக்காவுக்கு இன்னும் கோவம் போகல. நல்லது, என்ன மறக்கல" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிச் சிரித்தார்.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் பேத்தியோடு போனேன். அவர் மனைவி என்னைப் பார்த்ததும், "நீங்க லாயாங் லாயாங் அக்காதானே?" என்றார். தெரியாது என்று சொல்ல அங்கே இடமில்லை. "வெள்ளம் வந்தப்போ டிவிய விட்டுட்டு நோட்டுகளத் தலையில தூக்கிட்டுப் போனாருக்கா. உங்க நோட்டும் இருக்கு. எடுத்துத் தரவா?"

வேண்டாம் என்றேன். அதில் இருப்பது எனக்கு மனப்பாடம்.

அந்த லிஸ்ட்டில் கிடைத்த வீட்டில்தான் இன்றும் இருக்கிறேன். குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறது. கிராணியை நான் மன்னிக்கவில்லை. என்னை மன்னிக்க வேண்டியவர் போய்விட்டார். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒரு கேள்விதான்: "இது நீங்க சொன்னதுதானேக்கா?"

ஆமாம், தம்பி. கிராணி குழாயைப் பூட்டியதை நான் பார்த்தேன். உங்களிடம் சொன்னதும் நான்தான். நீங்கள் ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை.

நான் சொல்லச் சொல்ல எழுதிய பேத்தி, இதை வீட்டில் எல்லாரும் கேட்க உரக்கப் படித்துக் காட்டிவிட்டாள். கீழே இருக்கும் பெயரை நானே எழுதினேன்.

மாரியாயி
லாயாங் லாயாங்