ஓரகத்தி ஓடினாள், நான் நடந்தேன்

என் கணவரின் தம்பி கல்யாணம் முடித்துப் பெண்ணை அழைத்து வந்த அன்று கொச்சியின் கொச்சங்காடியில் எங்கள் தெருவே வாசலில் நின்றது. பெண் பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்தவள். கல்லூரியில் ஓட்டப்பந்தயங்களில் ஜெயித்தவள். அதை வைத்தே எறணாகுளத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் வேலையும் கிடைத்திருந்தது. எண்பதுகளின் தொடக்கம் அது. கேரளத்துப் பெண்கள் ஓடிப் பதக்கம் வாங்கும் படங்கள் அடிக்கடி பத்திரிகையில் வரும். ஓடுகிற பெண் என்றால் தனி மதிப்பு. பத்து வருடத்துக்கு முன் நான் வந்தபோது இத்தனை பேர் வந்து நிற்கவில்லை. அன்று மழை என்று எனக்கு நானே ஒரு சமாதானம் வைத்திருந்தேன்.

அவள் விடியற்காலையில் எழுந்து, நீலக் கால்சட்டையும் தொளதொளத்த சட்டையும் போட்டுக்கொண்டு, கோட்டைக் கொச்சி மைதானம் வரைக்கும் ஓடிவிட்டு வருவாள். வந்ததும் என் கையால் சாயா குடிப்பாள். பிறகு குளித்து, புடவை கட்டி, படகுத்துறைக்குப் போய் எறணாகுளம் போட்டைப் பிடிப்பாள். வீட்டில் மீதி இருப்பவை எனக்கு: இரண்டு பிள்ளைகள், அடுப்பு, பக்கவாதத்தில் இடப்பக்கம் விழுந்துபோன மாமியார்.

மாமியாரைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கும், நாற்காலியிலிருந்து குளிமுறிக்கும் ஒரு நாளைக்கு நாலைந்து முறை தூக்கவேண்டும். லேசான உடம்பில்லை அவருக்கு. அக்குளுக்கடியில் கைகொடுத்து, என் முழங்காலை மடக்கி, ஒரே மூச்சில் எழுப்புவேன். எனக்கு அது சிரமமாகத் தெரிந்ததில்லை. பள்ளிக்கூடத்தில் நான் குண்டு எறிந்தவள். அறுபதுகளில் அதற்குப் பத்திரிகையில் யாரும் படம் போடவில்லை. ஆண்டு விழாவில் ஒரு எவர்சில்வர் தம்ளர் கொடுத்தார்கள், அவ்வளவுதான். ஆனால் கையில் வலு இருந்தது. மாமியார் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்கும்போதுதான், பார்க்க வந்தவர்களிடம் சொல்லுவார்:

"சின்னவளைப் பாத்தீங்களா? மான்குட்டி மாதிரி. அப்படி ஒரு ஒடம்பு யாருக்கு வரும்? எடி, மெல்லப் புடி, வலிக்குது."

கடைசி வாக்கியம் எனக்கு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் கணவரோடு வீட்டு முன்பக்கத்துக் கிடங்குக்குப் போனேன். மிளகும் சுக்கும் வாங்கி விற்கும் வியாபாரம் எங்களுக்கு. மூட்டை தூக்கும் சுமட்டுக்காரர்கள் யாரும் இல்லாத தைரியத்தில், மூட்டை நிறுக்கும் தராசுப் பலகையில் ஏறி நின்றேன். எழுபத்தாறு கிலோ. அவர் கம்பியில் குண்டை நகர்த்திப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"ஒரு மூட்டை மொளகையும் தாண்டிட்டியே எடீ!" என்றார். பிறகு, தமாஷாகத்தான், "தம்பி பொண்டாட்டிகிட்ட ஓடக் கத்துக்கோ" என்றார்.

தமாஷ் என்பது எனக்கும் தெரியும். அவர் கெட்டவர் இல்லை. ஆனால் அன்று மத்தியானம் நான் சாப்பிடவில்லை. கொடியில் காய்ந்துகொண்டிருந்த அவளுடைய நீலக் கால்சட்டையை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்த் தாழ் போட்டேன். போட்டுப் பார்த்தேன். தொடைக்கு மேலே ஏறவில்லை. இறக்கவும் முடியாமல், கட்டிலில் உட்கார்ந்து இழுத்து இழுத்துக் கழற்றினேன். ஒரு பக்கத் தையல் விட்டுப்போயிற்று. அதை நானே தைத்து, மறுபடி கொடியில் போட்டேன். அவள் ஒன்றும் கேட்கவில்லை. கண்டுபிடித்தாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

மறுநாள் முதல் நானும் ஓடினேன். ரோட்டில் இல்லை, அந்தத் துணிவு எனக்கில்லை. கிடங்குக்கும் வீட்டுக்கும் நடுவே சுக்கு காயப்போடுகிற சிமென்ட் முற்றம் இருந்தது. அவள் மைதானத்துக்குப் புறப்பட்டுப் போனதும், புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அந்த முற்றத்தைச் சுற்றிச் சுற்றி ஓடுவேன். முதல் நாள் ஆறு சுற்றில் கண் இருட்டியது. ஒரு மாதத்தில் முப்பது சுற்று. அவள் திரும்பி வருவதற்குள் முகம் கழுவி, அடுப்பு முன்னால் நின்றுகொண்டிருப்பேன்.

சாப்பாட்டையும் குறைத்தேன். காலையில் ஒரு தோசை, மத்தியானம் ஒரு கை சோறும் மோரும், ராத்திரி வெறும் கஞ்சித்தண்ணீர். மீன் வறுத்துப் பிள்ளைகளுக்குப் போட்டுவிட்டு, சட்டியைக் கழுவி வைத்துவிடுவேன். பசிக்கும்போது அவள் இடுப்பை நினைத்துக்கொள்வேன். பசி அடங்கிவிடும். பொறாமைக்கு அப்படி ஒரு சக்தி உண்டு.

நாலு மாதத்தில் பன்னிரண்டு கிலோ போனது. தெருவில் கேட்க ஆரம்பித்தார்கள். பக்கத்து வீட்டுச் சேச்சி, "என்ன மருந்து?" என்றாள். ரவிக்கைகளெல்லாம் தொளதொளத்தன. தையற்காரரிடம் பிடித்துத் தைக்கக் கொடுத்தபோது, அவர் என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பவும் அளவு எடுத்தார். அந்த நாளை நான் பல மாதம் நினைத்து நினைத்துச் சந்தோஷப்பட்டேன். என் கணவரும் ஒரு சாயங்காலம், "பழைய போட்டோவுல இருக்கிற மாதிரி ஆயிட்டே" என்றார்.

ஆனால் ஓரகத்தி மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. பொறுக்கமாட்டாமல் நானே கேட்டேன்: "நான் மெலிஞ்சிருக்கேனா?"

அவள் சாயா தம்ளரைக் கீழே வைத்தாள். "மெலிஞ்சிருக்கீங்க அக்கா. முகம்தான் வாடின மாதிரி இருக்கு. நல்லா சாப்பிடுறீங்கதானே?"

'வயிற்றெரிச்சல்' என்று நினைத்தேன். அவளுக்கு என்மேல் வயிற்றெரிச்சல்! அன்று முற்றத்தில் ஐந்து சுற்று கூடுதலாக ஓடினேன்.

மிதுன மாதத்து மழை பிடித்திருந்த ஒரு காலை. ஓரகத்திக்குக் காய்ச்சல் வந்து வேலைக்குப் போகவில்லை. நான் மாமியாரைக் குளிப்பாட்டி முடித்து, துண்டால் சுற்றி, வழக்கம்போல் அக்குளுக்கடியில் கைகொடுத்து எழுப்பினேன். பாதி எழுந்தார். அதற்குமேல் என் கை ஏறவில்லை. தோளிலிருந்து மணிக்கட்டு வரை நடுங்கியது. கீழே விடவும் முடியவில்லை, மேலே தூக்கவும் முடியவில்லை. இரண்டு பேரும் சுவரோடு சரிந்து ஈரத்தரையில் உட்கார்ந்துவிட்டோம். நல்லவேளை, அவர் என் மடியில் விழுந்தார். விழுந்ததும் போட்ட சத்தத்தில் ஓரகத்தி காய்ச்சலோடு ஓடி வந்தாள்.

அவள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் பிடித்தோம். முடியவில்லை. அவளுடைய கையைப் பார்த்தேன். கொத்தவரங்காய் மாதிரி இருந்தது. என்னுடையதைப் பார்த்தேன். தோல் தொங்கியது, உள்ளே ஒன்றும் இல்லை. கடைசியில் கிடங்கிலிருந்து ஒரு சுமட்டுக்காரச் சேட்டனைக் கூப்பிடவேண்டி வந்தது. "எந்து பற்றி சேச்சி? என்ன ஆச்சு?" என்று கேட்டுக்கொண்டே வந்தவர், மாமியாரைக் குழந்தையைப் போல் எடுத்துப் போய்க் கட்டிலில் கிடத்தினார். அந்நிய ஆண் தன்னைத் துண்டோடு தூக்கிய வெட்கத்தில் மாமியார் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதார்.

சேட்டன் போன பிறகு மாமியார் என்னைக் கூப்பிட்டார். "எடி, நீ யாருக்கு வேண்டி இப்படி மெலிஞ்சே?"

பதில் எனக்குத் தெரியும். ஈரத் துண்டை எடுத்துக்கொண்டு பிழியப் போனேன்.

அன்று சாயங்காலம் ஓரகத்தி என் அறைக்கு வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். "அக்கா, நீங்க முற்றத்துல ஓடுறது எனக்குத் தெரியும். சிமென்ட்டுல ஈரக் கால்தடம் இருக்கும்."

நான் புடவைத் தலைப்பை இழுத்துக் கையை மூடிக்கொண்டேன்.

"காலேஜ்ல முதல் வருஷம் நானும் இப்படித்தான் பண்ணினேன். மெலிஞ்சா வேகமா ஓடலாம்னு சோறு வேண்டா, முட்டை வேண்டான்னு இருந்தேன். மெலிஞ்சேன், வேகம் போச்சு. கோச் புடிச்சுத் திட்டினார். பட்டினியா ஓடினா கொழுப்பு மட்டுமா போகும், சதையும் சேர்ந்து போகும்னார். எனக்குக் கை எப்பவுமே இவ்வளவுதான். உங்களுக்கு அப்படியில்லையே. நீங்க ஓடவேண்டா. வேகமா நடங்க, தினமும் ஒரு மணி நேரம். வெயிட் தூக்குங்க. பயறு, மீன், முட்டை எல்லாம் சாப்பிடுங்க. மெல்லத்தான் குறையும். ஆனா கை போகாது."

"ஓடுறது உனக்கு, நடக்கிறது எனக்கு. அப்படித்தானே?" என்றேன். குரல் எனக்கே அசிங்கமாகக் கேட்டது.

அவள் முகம் சிவந்தது. "நான் அப்படிச் சொல்லல அக்கா," என்று எழுந்து போனாள்.

அவள் சொன்னது சரி என்று எனக்கு அப்போதே தெரியும். அதுதான் பொறுக்கவில்லை. அவள் வாயால் கேட்ட ஒன்றை நான் செய்வதா? இரண்டு நாள் கழித்து, பக்கத்துச் சுள்ளிக்கல்லில் ஒரு டாக்டரம்மாவிடம் போய்க் காத்திருந்து, நடந்ததைச் சொன்னேன். அவர் என் கண் இமையை இறக்கிப் பார்த்து, ரத்தம் குறைவு என்றார். பிறகு, ஒரு வார்த்தை பிசகாமல் என்று சொல்லலாம், ஓரகத்தி சொன்னதையே சொன்னார். எனக்கு நிம்மதியாக இருந்தது. இனி இதை டாக்டர் சொன்னதாக நான் செய்யலாம். வீட்டிலும் அப்படியே சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். "நல்லதாப் போச்சு அக்கா" என்றாள். ஒரு சிரிப்போ குத்தலோ அதில் இருக்கும் என்று தேடினேன். இல்லை. அதற்கும் எரிச்சல் வந்தது.

பிறகு நடந்தேன். பண்டகசாலைத் தெருக்களில், சுக்கு வாசனைக்கும் மீன் வண்டிகளுக்கும் நடுவே, கையை வீசி வேகமாக நடந்தேன். தெருக் குழாயிலிருந்து இரண்டு கைக்கும் ஒவ்வொரு வாளியாகத் தண்ணீர் சுமந்தேன். கிடங்கில் நிறுக்க வைத்திருந்த இரும்புக் குண்டுகளை மத்தியானம் யாருமில்லாதபோது தூக்கி இறக்கினேன். மீன் சட்டியில் எனக்கென்று இரண்டு துண்டு வைத்துக்கொண்டேன். முதல் மாதம் எடை மூன்று கிலோ ஏறியது. அழுகையாக வந்தது. அதே மாதம் அவள் ஏதோ மாவட்டப் போட்டியில் ஓடி இரண்டாவதாக வந்தாள். வீட்டில் பாயசம் வைத்தது நான்தான்.

ஒன்றரை மாதம் மாமியாரைத் தூக்க அந்தச் சேட்டனின் மனைவி வந்து உதவினாள். அதன்பின் ஒரு நாள் நானே முயன்று பார்த்தேன். ஒரே மூச்சில் எழுந்தார். என் தோளை நல்ல கையால் இரண்டு முறை தட்டினார். அடுத்த வாரம் யாரோ பார்க்க வந்தபோது, என் கழுத்தில் தொங்கிக்கொண்டே, சின்னவள் ஓடிப் பரிசு வாங்கிய கதையைச் சொன்னார்.

அறுபத்தெட்டில் என் உடம்பு நின்றது. ஏறி இறங்கி அங்கே வந்து சேர ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று. அதற்குக் கீழே போகவில்லை. மாமியார் இருந்த வரைக்கும் அவரை நான் மறுபடி கீழே விட்டதில்லை.

அவர் போன பிறகு ஓரகத்திக்கு எறணாகுளம் தாண்டிக் காக்கநாட்டுக்கு மாற்றல் கிடைத்து, அவர்கள் அந்தப் பக்கமே குடிபோனார்கள். சாமான் ஏற்றிய அன்று இரும்பு அலமாரியை ஒரு பக்கம் நான் பிடித்தேன். அவள் கணவர் மறுபக்கம் பிடித்து இரண்டு முறை கீழே வைத்தார். "அக்காவுக்கு என்னா கை!" என்று அவள் வாசலில் நின்று சொன்னாள். மனசாரத்தான் சொன்னாள். நான் சிரித்தேன். அவள் வேனில் ஏறித் திரும்பி உட்கார்ந்தபோது, என் கண் அவள் முகத்துக்குப் போவதற்கு முன்னால் அவள் இடுப்புக்குத்தான் போயிற்று.